உமி, உவர், யூரியா: மட்டக்களப்பு, அம்பாறை வயல்காரர் கேட்கும் கேள்விகள்

நிலம் பண்படுத்தத் தொடங்கும் நாளிலிருந்து வேளாண்மை (நெற்பயிரை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்) வெட்டி முடியும்வரை என்னிடம் வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். சிலவற்றை வட்டையில், அதாவது வயல்வெளியில் வைத்துக் கேட்டிருக்கிறார்கள், சிலவற்றை அரிசி ஆலை வாசலில். உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் கேட்டவையும் உண்டு. மண்ணையும் தண்ணீரையும் சோதிக்கும் ஆய்வுகூடத்தில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். அந்த அனுபவத்தையும் படித்ததையும் வைத்துப் பதில் எழுதுகிறேன்.

சூழல், பொருள், இரசாயனம், பயிர் என்று நாலு விஞ்ஞானம் சொல்கிறார்கள். வயல் செய்பவனுக்கு இதெல்லாம் எதற்கு?

சம்மாந்துறையிலோ செங்கலடியிலோ ஏதாவது ஓர் அரிசி ஆலையின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். உமி மலைபோலக் குவிந்திருக்கும். அது காற்றில் பறந்தால், புகைந்தால் சூழல் விஞ்ஞானத்தின் கேள்வி. எரிந்த சாம்பல் சீமெந்தோடு சேருமா என்பது பொருள் விஞ்ஞானத்தின் கேள்வி. சாம்பலில் என்ன இருக்கிறது என்பதை இரசாயனவியல் சொல்லும். வயலில் போட்டால் நெல் என்ன செய்யும் என்பதைப் பயிர் விஞ்ஞானம் பார்க்கும். நாலு துறையும் பல்கலைக்கழகத்தில்தான் நாலு கட்டடத்தில் இருக்கின்றன. ஆலைக்குப் பின்னால் ஒரே குவியலாகத்தான் கிடக்கின்றன.

உமியில் அப்படி என்ன இருக்கிறது?

சிலிக்கா. மணலும் கண்ணாடியும் எதனால் ஆனவையோ அதே பொருள். விளைந்த வேளாண்மைக்குள் இறங்கி நடந்தால் முழங்கையில் கீறல் விழுமே, அந்தக் கீறலைப் போடுவது இலை ஓரத்துச் சிலிக்காதான்.

கணக்காகச் சொன்னால் விளங்கும். 100 கிலோ நெல் குற்றினால் ஏறக்குறைய 20 கிலோ உமி வரும். அந்த உமியை முழுதாக எரித்தால் 4 கிலோ அளவுக்குச் சாம்பல் மிஞ்சும். அந்தச் சாம்பலில் 85 முதல் 95 வீதம் வரை சிலிக்கா. வேறு எந்தத் தானியப் பயிரும் நெல்லைப்போல இவ்வளவு சிலிக்காவை மண்ணிலிருந்து இழுப்பதில்லை. இதற்கென்றே நெல் வேரில் தனி வாசல் ஒன்று இருக்கிறது. அந்த வாசலை ஆக்கும் மரபணுவை 2006இல் ஜப்பானில் ஜியான் ஃபெங் மாவும் அவருடைய குழுவினரும் கண்டுபிடித்தார்கள்.

நெல்லுக்கு இது எதற்கு? இலையின் மேல்தோலுக்கு அடியில் சிலிக்கா ஒரு கவசம்போலப் படிகிறது. இலையைக் கருகவைக்கும் எரிபந்த நோயின் பூஞ்சை துளைத்து உள்ளே போவதற்குச் சிரமப்படும். தண்டு துளைப்பான் புழுவின் வாய் தேயும். தண்டு விறைப்பாக நிற்கும், மார்கழி, தை மாதத்துக் காற்றுமழைக்குச் சட்டென்று சாயாது. யூரியாவை அள்ளிப் போட்டு இலை கரும்பச்சையாய்த் தழைத்த வயலில்தான் எரிபந்தமும் அறக்கொட்டி என்ற சாறு உறிஞ்சும் பூச்சியும் முதலில் இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். சிலிக்கா குறைந்து நைதரசன் கூடிய பயிர் மெத்தென்று இருக்கும். பூச்சிக்கும் அதுதான் பிடிக்கும்.

மண்ணே மணல்தானே? சிலிக்காவுக்கு என்ன குறை?

நல்ல கேள்வி. மணலில் இருப்பது கரையாத சிலிக்கா. வேர் உறிஞ்சுவது தண்ணீரில் கரைந்த பகுதியை மட்டும். கரைவது மிக மெதுவாக நடக்கும் வேலை. வருடத்துக்கு இரண்டு போகம் செய்து, நெல்லையும் வைக்கோலையும் உமியையும் வயலைவிட்டு வெளியே எடுத்துக்கொண்டே இருந்தால், கரைந்து வருவதைவிடப் போவது கூடிவிடும். மணற்பாங்கான வயல்களில் இது சீக்கிரம் தெரியவரும்.

அப்படியென்றால் ஆலைச் சாம்பலை வயலில் கொட்டலாமா?

கொட்டலாம், ஆனால் எந்தச் சாம்பல் என்று பார்க்க வேண்டும். புழுங்கல் அவிக்கும் கொதிகலனில் கடும் சூட்டில் எரிந்த சாம்பல் வெளிறிப்போயிருக்கும். ஏறக்குறைய 700 பாகை செல்சியசைத் தாண்டினால் சிலிக்காவின் துகள்கள் ஒழுங்காக அடுக்கிப் பளிங்காக மாறத் தொடங்கும். பளிங்கான பிறகு அது கரைவது அரிது, பயிருக்கு அதிகம் உதவாது. அதைவிட முக்கியமாக, பளிங்குச் சிலிக்காத் தூசி நுரையீரலைக் கெடுக்கும். ஆலையில் சாம்பல் அள்ளும் பிள்ளைகள் வெறும் முகத்தோடு நிற்பதைக் காணும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. சாம்பலைத் தண்ணீர் தெளித்து நனைத்த பிறகு அள்ளுங்கள், முகக்கவசம் போடுங்கள். துணியை மூக்கில் கட்டுவது போதாது.

பயிருக்கு நல்லது கறுப்பாக, குறைந்த சூட்டில், காற்று அதிகம் படாமல் கருகிய உமி. அதைத்தான் உமிக்கரி என்கிறோம்.

உமிக்கரியை வீட்டில் செய்ய முடியுமா?

முடியும். பழைய தகரப் பீப்பா ஒன்றை எடுத்துப் பக்கமெல்லாம் ஆணியால் ஓட்டை போடுங்கள். மேலே ஆளுயரக் குழாய் ஒன்றைப் புகைபோக்கியாகப் பொருத்துங்கள். பீப்பாவுக்குள் விறகும் பன்னாடையும் வைத்து நெருப்பு மூட்டி, சுற்றிலும் அதை மூடும்படி உமியைக் குவியுங்கள். நெருப்பு உள்ளே, உமி வெளியே. ஓட்டை வழியாகச் சூடு உமிக்குள் ஏறும்.

முதலில் ஒன்றும் நடக்காததுபோல இருக்கும். பிறகு குவியலின் உச்சியில் ஓரிடம் கறுக்கும். அந்தக் கறுப்பு மெல்ல மெல்லக் கீழே இறங்கும். மண்வெட்டியால் வெளி உமியை உள்ளுக்கும், உள்ளே கறுத்ததை வெளிக்கும் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். எல்லாம் கறுத்ததும் நிறுத்திவிடுங்கள். கறுப்பு சாம்பல் நிறமாகத் தொடங்கினால் கரி எரிந்து போகிறது என்று அர்த்தம். உடனே குவியலைப் பரப்பித் தண்ணீரை நிறைய ஊற்றுங்கள். அணைந்ததுபோலத் தெரியும், உள்ளே கனன்றுகொண்டிருக்கும். அடுத்த நாள் காலையில் கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சாக்கில் கட்ட வேண்டும். கட்டிய சாக்கு இரவில் எரிந்த கதை எங்கள் ஊரிலேயே உண்டு.

கிடைத்த கரியை நாற்றுமேடையிலும், கத்தரி, மிளகாய்ப் பாத்தியிலும் ஒரு சதுர மீற்றருக்கு ஒரு கிலோ என்று தொடங்கலாம். வாவிக்குக் கிழக்கே உள்ள எழுவான்கரையின் கடற்கரை மணலில் ஊற்றிய தண்ணீர் நிற்காமல் ஓடுமே, அங்கே இது ஈரத்தைப் பிடித்து வைக்கும். ஒன்றை மறக்க வேண்டாம்: உமிக்கரி காரத்தன்மை உள்ளது. பி.எச். (அமிலமா காரமா என்று காட்டும் அளவு) ஏற்கெனவே கூடிய மண்ணில் மேலும் போட்டால் இரும்பு, துத்தநாகச் சத்துகள் பயிருக்குக் கிடைக்காமல் இலை வெளிறும். முதலில் மண்ணைச் சோதியுங்கள்.

வைக்கோலை எரித்தால்தான் அடுத்த போகத்துக்கு உழவு லேசு. எரித்தால் என்ன?

வெட்டு மெசின் வந்த பிறகு வைக்கோல் வயலிலேயே வரிசையாகக் கிடக்கிறது. நெருப்பு வைப்பது லேசு என்பது எனக்கும் தெரியும். ஒரு தொன் வைக்கோலில் 5 முதல் 8 கிலோ வரை நைதரசன் இருக்கிறது. எரித்தால் அது ஏறக்குறைய முழுதும் காற்றோடு போய்விடும். பொஸ்பரசில் கால்வாசி, பொற்றாசியத்தில் ஐந்தில் ஒரு பங்கு போகும். மிச்சச் சாம்பலையும் முதல் மழை ஒரு மூலைக்கு அடித்துச் செல்லும். பசளைக் கடையில் காசு கொடுத்து வாங்குவதை வயலில் வைத்துக் கொளுத்துகிறோம்.

மாற்று என்ன? மாட்டுக்குக் கொடுங்கள், கூட்டெருவில் போடுங்கள். வயலில் புதைத்து உழுவதானால் விதைப்புக்கு இரண்டு மூன்று கிழமை முன்பே உழுதுவிடுங்கள். உழுது உடனே விதைத்தால் வைக்கோலை உக்கச்செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணின் நைதரசனைத் தாங்கள் எடுத்துக்கொள்ளும், பயிர் மஞ்சளாகும். பலபேர் ஒருமுறை இப்படிப் பட்டுவிட்டு, வைக்கோல் புதைப்பதே கெடுதல் என்று விட்டுவிட்டார்கள். கெடுத்தது வைக்கோல் அல்ல, அவசரம்.

வாழைச்சேனையில் வைக்கோலில் காகிதம் செய்தார்களே, அதை ஏன் திரும்பச் செய்யக் கூடாது?

வாழைச்சேனைக் காகித ஆலை 1956இல் தொடங்கியது. நம்முடைய வயல் வைக்கோல் அங்கே கூழாகிப் பாடசாலைக் கொப்பியாக வந்த காலத்தை எங்கள் மூத்தவர்கள் பெருமையோடு சொல்வார்கள். பெருமைப்பட வேண்டியதுதான்.

ஆனால் வைக்கோல் கூழுக்கு உலகம் முழுதும் ஒரே இடையூறு, அதே சிலிக்காதான். வைக்கோலை எரிசோடாவில் அவிக்கும்போது சிலிக்காவும் கரைந்து, அவித்து மிஞ்சும் கருந்திரவத்தில் சேர்ந்துவிடும். மரக்கூழ் ஆலையில் அந்தத் திரவத்தை வற்றக் காய்ச்சி, எரித்து, எரிசோடாவைத் திரும்ப எடுப்பார்கள். வைக்கோல் திரவத்தைக் காய்ச்சினால் சிலிக்கா குழாய்களில் ஓடாகப் படிந்து அடைக்கும். எடுக்க முடியாத எரிசோடா வீண், வெளியே விட்டால் நீர்நிலைக்கு நஞ்சு. இன்று திரும்பச் செய்ய நினைப்பவர் முதலில் இந்தக் கணக்கைத் தீர்க்க வேண்டும். முட்டைத் தட்டு, பொதிப் பலகை போன்ற முரட்டுப் பொருள்களுக்குக் கடும் இரசாயனம் தேவையில்லை. அந்த வழியில் யோசிப்பது நல்லது என்பது என் எண்ணம்.

உமிச்சாம்பலைச் சீமெந்துக்குப் பதிலாகப் போடலாமா?

பதிலாக அல்ல, பங்காக. சீமெந்து தண்ணீரோடு சேரும்போது கல்சியம் ஐதரொட்சைட்டு என்ற சுண்ணாம்பும் உண்டாகிறது. பளிங்காகாத சிலிக்கா அந்தச் சுண்ணாம்போடு சேர்ந்து இன்னும் பசையை ஆக்கும். அதனால் கொங்கிறீட்டின் நுண்துளைகள் அடைபடும், உப்பு உள்ளே புகுந்து கம்பியைத் துருப்பிடிக்கவைப்பது குறையும். கடலோரத்தில் வீடு கட்டும் நமக்கு இது பெரிய விஷயம். சீமெந்தில் 10 முதல் 20 வீதம் வரை மாற்றலாம் என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

நிபந்தனை மூன்று: சூட்டைக் கட்டுப்படுத்தி எரித்திருக்க வேண்டும், மாவாக அரைத்திருக்க வேண்டும், கரி மிச்சம் குறைவாக இருக்க வேண்டும். ஆலைக்குப் பின்னால் கிடப்பதை அப்படியே அள்ளிக் கலவையில் போடாதீர்கள். தூணுக்கும் பீமுக்கும் சோதனை செய்யாத சாம்பல் வேண்டவே வேண்டாம்.

எங்கள் வயல் வாவிக்குப் பக்கம். வெள்ளை பூக்கிறது, பயிர் திட்டுத் திட்டாகச் சாகிறது. என்ன செய்வது?

உவர், அதாவது மண்ணில் ஏறிய உப்பு. மட்டக்களப்பு வாவி ஓரத்து வயல்காரர் எல்லோருக்கும் தெரிந்த துன்பம். வெள்ளத்தில், வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தை வெட்டினால் வயல் வடியும், பிறகு கடல்நீர் வாவிக்குள் ஏறும். வெட்டாவிட்டால் வேளாண்மை மூழ்கும். இரண்டு பக்கத்து நியாயமும் நியாயம்தான்.

உப்பை நாக்கால் அளக்க முடியாது, மின்கடத்துதிறனால் அளக்கலாம். அதன் அலகு மீற்றருக்கு இத்தனை டெசிசீமன்ஸ் என்பது. மண்சாற்றில் 3 டெசிசீமன்ஸ் வரை நெல் தாங்கும். அதற்கு மேல் ஒவ்வொரு டெசிசீமன்சுக்கும் விளைச்சல் 12 வீதம் அளவில் குறையும் என்பது விவசாயிகளும் ஆய்வாளரும் பொதுவாக வைத்திருக்கும் அளவுகோல். எல்லாப் பருவத்திலும் நெல் ஒரேமாதிரித் தாங்காது. நாற்றுப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும்தான் உப்பு அதை வீழ்த்தும். அதனால் ஐப்பசி, கார்த்திகை மழை நன்றாகப் பெய்து வயலைக் கழுவும்வரை விதைப்பைத் தள்ளிவைப்பது, நின்ற தண்ணீரை வரம்பிலுள்ள வக்கடை வாயைத் திறந்து வெளியேவிட்டு மறுபடி நன்னீர் கட்டுவது, இவை செலவில்லாத வைத்தியம். வடிகால் இல்லாமல் தண்ணீர் மட்டும் கட்டினால் உப்பு போகாது, வெயிலில் வற்றி மேலே வந்துவிடும்.

விதை விடயத்தில், அம்பலாந்தோட்டை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஏ.ரி. 354, ஏ.ரி. 401 என்ற இரண்டும் உவரைத் தாங்கக்கூடியவை. பெயரின் முன்னெழுத்து பிறந்த இடத்தைச் சொல்லும்: ஏ.ரி. என்றால் அம்பலாந்தோட்டை, பி.ஜி. என்றால் பத்தலகொடை. உங்கள் வயலுக்கு எது சரி என்று விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டு முடிவெடுங்கள். ஜிப்சம் போடச் சொல்லி யாராவது வந்தால், மண் சோதனை இல்லாமல் வாங்காதீர்கள். சோடியம் ஏறி இறுகிய மண்ணுக்குத்தான் ஜிப்சம் மருந்து. வெறும் உப்புக்கு மருந்து நன்னீரும் வடிகாலும்.

சுனாமிக்குப் பிறகு எங்கள் கிணறு உப்பானது. இறைக்க இறைக்கக் கூடியதே, ஏன்?

கரையோர மணலுக்கடியில் நன்னீர் கடல்நீரின் மேல் ஒரு வில்லைபோல மிதக்கிறது. நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் நின்றால், கீழே 40 மீற்றர் அளவுக்கு நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. மேலே ஒரு முழம் குறைந்தால் கீழே உப்புநீர் நாற்பது முழம் ஏறிவரப் பார்க்கும். 2004க்குப் பிறகு மனம் பதறி எல்லோரும் மோட்டர் வைத்து இறைத்தோம். கீழிருந்த உப்பை நாமே மேலே அழைத்தோம். மழை அடுத்தடுத்த பருவங்களில் கழுவித்தந்தது. மறுபடி அப்படி ஒரு நாள் வரக் கூடாது, வந்தால் ஒருமுறை துப்புரவாக்கிவிட்டு மழைக்கு விட்டுவிடுங்கள்.

போட்ட யூரியா எங்கே போகிறது?

50 கிலோ மூட்டையில் 23 கிலோ நைதரசன் இருக்கிறது. நெல் வயலில் அதில் பாதிக்கும் குறைவாகவே பல சமயம் பயிருக்குப் போகிறது. தண்ணீர் நிற்கும் வயலில் எறிந்தால், பகல் வெயிலில் பாசி காபனீரொட்சைட்டை இழுக்க இழுக்கத் தண்ணீரின் காரத்தன்மை ஏறும், அமோனியா வாயுவாகிப் பறக்கும். தண்ணீரை வடித்துச் சேற்றில் எறிந்து, பிறகு தண்ணீர் கட்டுங்கள். ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்துப் போடுங்கள். இலையின் பச்சையை ஒப்பிட்டுப் பார்க்கும் நிற அட்டை கிடைத்தால் அதைப் பாருங்கள், பக்கத்து வயலைப் பார்க்காதீர்கள்.

2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியைச் சடுதியாக நிறுத்தியபோது நாம் பட்டது எல்லோருக்கும் தெரியும். அந்த வருட முடிவுக்குள் அதைத் தளர்த்த வேண்டி வந்தது. கூட்டெரு நல்லது, நான் அதன் பக்கம். ஆனால் ஒரு வீதம் நைதரசன் உள்ள கூட்டெருவில் ஒரு யூரியா மூட்டைக்குச் சமமாக 2300 கிலோ வேண்டும். இந்தக் கணக்கைப் போடாமல் ஒரு போகத்தில் மாற முடியாது.

கிணற்று நீரில் நைத்திரேற்று என்கிறார்களே, கொதிக்கவைத்தால் போகுமா?

போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. போத்தல் பால் குடிக்கும் கைக்குழந்தைக்கு இது இரத்தத்தில் ஒட்சிசன் கொண்டுபோவதையே தடுக்கும். கல்முனை, காத்தான்குடி போல வீட்டுக்கு வீடு நெருங்கிய மணல் ஊர்களில் பசளையோடு மலசலகூடக் குழியும் காரணமாகலாம். கிணற்றுக்கும் குழிக்கும் உள்ள தூரத்தை அளந்து பாருங்கள்.

வயலில் எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டுமா?

வேண்டியதில்லை. ஓட்டை போட்ட குழாய்த் துண்டு ஒன்றைச் சேற்றில் நட்டு, உள்ளே தண்ணீர் 15 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு இறங்கிய பிறகு மறுபடி கட்டினால் போதும். பூக்கும் காலத்தில் மட்டும் நிறுத்தியே வையுங்கள். தண்ணீர் 30 வீதம் வரை மிஞ்சும், மெதேன் வாயுவும் குறையும். ஆனால் உவர் வயலில் இதைச் செய்யாதீர்கள்.

மண் மாதிரியை எப்படிக் கொண்டுவருவது?

வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலிருந்து பெரியவர் ஒருவர், பஸ் மாறி மாறி, மடியில் பொத்திப்பிடித்து மண் கொண்டுவந்தார். சோதித்தால் நைதரசன் எங்கேயோ ஏறி நிற்கிறது. இரண்டாம் தடவையும் அப்படியே. பிறகுதான் நான் பையைத் திருப்பிப் பார்த்தேன், யூரியாப் பை. "என்ன மனே, மண்ணில சத்துக் கூடிப்போச்சா?" என்று அவர் சந்தோஷமாகக் கேட்டார். மறுபடி வரச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஆனாலும் சொன்னேன்.

புதிய பொலித்தீன் பை எடுங்கள். வயலில் பத்துப் பதினைந்து இடத்தில், உழவு ஆழத்துக்குத் தோண்டி, வரம்போரத்தையும் எருக் குவித்த இடத்தையும் தவிர்த்து எடுத்து ஒன்றாகக் கலந்து, அரைக் கிலோ கொண்டுவந்தால் போதும். நிழலில் காயவையுங்கள்.

மகள் இதையெல்லாம் படிக்க விரும்புகிறாள். கொழும்புக்குத்தான் போக வேண்டுமா?

இல்லை. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் விவசாய பீடமும் விஞ்ஞான பீடமும் இருக்கின்றன. 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் பல்கலைக்கழகமானது. தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஒலுவிலில் இருக்கிறது, அதன் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில். உயர்தரத்தில் இரசாயனவியலை விட்டுவிடாமல் படிக்கச் சொல்லுங்கள்.

இதெல்லாம் எங்கள் வயலுக்குச் சரிவரும் என்று எப்படி நம்புவது?

நம்ப வேண்டாம், செய்து பாருங்கள். இங்கிலாந்தின் றொதம்ஸ்ரெட் பண்ணையில் 1843இல் தொடங்கிய கோதுமைச் சோதனை இன்றும் நடக்கிறது. அதில் ஒரு கீற்றுக்குப் பசளையே போடுவதில்லை. மற்றக் கீற்றுகள் எவ்வளவு கூடியிருக்கின்றன என்று சொல்வது அந்த வெறும் கீற்றுதான். அட்டாளைச்சேனைப் பக்கத்துக் காக்கா (அண்ணன்) ஒருவர் உமிக்கரி போட்டு நல்ல விளைச்சல் கண்டேன் என்றார். போடாத இடம் எது என்று கேட்டேன். எல்லா இடமும் போட்டுவிட்டாராம். அந்த வருடம் மழையும் நல்ல மழை. எது கொடுத்தது என்று இனி யார் சொல்வது?

ஆறு கீற்று பிரியுங்கள். மூன்றுக்குப் போடுங்கள், மூன்றை விடுங்கள். எதற்குப் போடுவது என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள், ஏனென்றால் நல்லதைச் செய்யும் கை தானாகவே வாய்க்கால் பக்கத்து நல்ல கீற்றுக்குப் போகும். மூலைகளில் தடி நட்டுச் சீலைத் துண்டு கட்டிவையுங்கள். மெசின் இறங்குவதற்கு முன்பு, ஒவ்வொரு கீற்றின் நடுவிலும் ஒரு மீற்றர்ச் சதுரச் சட்டம் வைத்து அதற்குள் உள்ளதை அரிவாளால் அறுத்து, அடித்து, காயவைத்து, ஆறு பையில் தனித்தனியாக நிறுத்துக் கொப்பியில் எழுதுங்கள். அடுத்த போகமும் அதே கீற்றில் அதையே செய்யுங்கள். அந்தக் கொப்பியோடு வாருங்கள், உட்கார்ந்து பார்ப்போம்.